குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? எல்லா விதமான மனிதர்களும் அதில் இருக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் கதைப் புத்தகங்களைத் தரையில் பரப்புங்கள். கதையில் யார் வருகிறார்கள், எந்த மாதிரி வீடு, என்ன பெயர், என்ன நிறம், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். பல வீடுகளில் ராஜா, மந்திரி, முயல், சிங்கம் என்றே பாதித் தாள் நிரம்பிவிடும். மிச்சக் கதைகளில் வரும் பிள்ளைகளும் சிவப்பாக, நகரத்து மாடி வீட்டில், அம்மா சமைக்க அப்பா பேப்பர் படிக்க என்று ஒரே அச்சில் இருப்பார்கள்.

அடுத்து, எது இல்லை என்று பாருங்கள். புத்தகம் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்கலாம் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். தன்னையும் அதில் பார்க்க வேண்டும், தனக்குத் தெரியாத வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். மீனவர் வீட்டுப் பிள்ளை, இருளர் பிள்ளை, வால்பாறைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ள நம் கடைகளில் எத்தனை புத்தகம் கிடைக்கிறது?

சரி, இப்போது கடை. அட்டையில் விதவிதமான குழந்தைகள் கைகோத்து நிற்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள், உள்ளே நாலு பக்கம் புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி வருகிறாள் என்று வையுங்கள். எல்லோரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கடைசிப் பக்கத்தில் உதவி செய்து, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிறார்களா? அப்படியானால் அது அவளுடைய கதையே இல்லை. அவள் சண்டை போடுகிறாளா, திட்டம் போடுகிறாளா, தப்புச் செய்து திட்டு வாங்குகிறாளா என்று தேடுங்கள். அதே மாதிரி, முஸ்லிம் பையன் ரம்ஜான் அன்று மட்டும்தான் வருகிறானா, நாகாலாந்துப் பெண் நடன உடையில் மட்டும்தான் நிற்கிறாளா என்றும் பாருங்கள். பண்டிகைக் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பையனுக்குப் பல் விழுவதும் சைக்கிள் தொலைவதும் கதையாக வேண்டும். படத்தில் கெட்டவன் மட்டும் கறுப்பாக இருந்தால் அந்தப் புத்தகத்தை யோசிக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். எழுதியவரும் வரைந்தவரும் யார் என்பதையும் பாருங்கள், அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வந்தவர் என்றால் சின்னச் சின்ன விவரங்கள் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே தேடுவது? காசில்லாமல் தொடங்க, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் இருக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாசிப்பு நிலைகளில் பிள்ளைக்கு ஏற்றதைச் சொடுக்கினால் போதும், பதிவிறக்கவும் செய்யலாம். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப்புத்தகங்கள் கிடைக்கும். தாரா புக்ஸ் பதிப்பகம் மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து செய்த புத்தகங்கள் விலை கூடுதல்தான், ஆனால் ஒன்றாவது கையில் எடுத்துப் பாருங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிள்ளையைக் கூட்டிப்போய், எதைத் தானாக எடுக்கிறது என்று கவனித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

வாங்கியதைச் சேர்ந்து படியுங்கள். நடுவில் "அந்த அக்கா ஏம்மா நடக்கல?" என்று கேட்டால் உஷ் என்று அடக்காதீர்கள், கேட்கவே கூடாத விஷயம் போல என்று பிள்ளை நினைத்துவிடும். "அவளால நடக்க முடியாது, அதனால நாற்காலியில போறா" என்று இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.