ஊர் திருவிழாவுல முதல் தடவையா கச்சேரி வைக்கிறீங்களா? இந்த வரிசையில செய்ங்க

திருவிழாவுக்கு கச்சேரின்னு முடிவானதும் எல்லாரும் முதல்ல ட்ரூப்புக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறமாத்தான் இடம் பார்க்குறாங்க. தயவுசெஞ்சு அதை மாத்துங்க, முதல்ல இடம்.

ஸ்டெப் 1: டேப் எடுத்து அளங்க. நின்னு பார்க்குற கூட்டத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல 4 பேருக்கு மேல போகவே கூடாது. 50க்கு 80 அடி மைதானம்னா சுமார் 370 சதுர மீட்டர், கணக்குக்கு 1480 பேர், ஆனா மேடை, சவுண்டு கன்ட்ரோல் பண்ற மிக்சர் டேபிள், நடைபாதை எல்லாம் கழிச்சா 1000 பேர்னு வச்சுக்கோங்க, சேர் போட்டா இன்னும் குறையும்.

ஸ்டெப் 2: வழி. எனக்கு இதுதான் உயிர். 2023 நவம்பர் 25, கொச்சி யுனிவர்சிட்டி, பாட்டு கச்சேரி ஆரம்பிக்கவே இல்ல, மழை வந்ததும் வெளிய நின்ன கூட்டம் கேட் வழியா உள்ள முண்டியடிக்க, கேட்டைத் தாண்டினதும் கீழ இறங்குற படிக்கட்டு, முன்னாடி இருந்தவங்க விழுந்து 4 பேர் செத்துட்டாங்க. அதனால வர்றதுக்கு ஒண்ணு, போறதுக்கு ரெண்டுன்னு தனித்தனியா வைங்க, போற வழியில பஞ்சுமிட்டாய் கடை, பைக் ஒண்ணுமே நிக்கக் கூடாது, கேட்டுக்கு பூட்டே வேணாம்.

1997ல டெல்லி உபஹார் தியேட்டர்ல 59 பேர் செத்தாங்களே, தீப்பிடிச்சது கீழ பார்க்கிங்ல இருந்த மின்வாரியத்தோட டிரான்ஸ்ஃபார்மர்ல. ஆனா பால்கனியில கூடுதலா சீட்டு போட்டு வழியை அடைச்சது தியேட்டர்காரங்க, அதனால ஓனர்களும் குத்தவாளிங்கதான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் உறுதியாச்சு. "தீ நாங்க வைக்கலையே"ன்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

ஸ்டெப் 3: கரண்ட். பக்கத்து கம்பத்துல கொக்கி போடவே போடாதீங்க, தற்காலிக கனெக்‌ஷன் இல்லன்னா ஜெனரேட்டர். ஒரு ஊர்ல ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தேன், ரெண்டு வயரை முறுக்கி மேல பாலித்தீன் பையைச் சுத்தி வச்சிருந்தாங்க, அதுக்கு மேல குழந்தைங்க உட்கார்ந்திருந்துச்சு. நீங்களும் தூக்கிப் பாருங்க. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீசியன்கிட்ட கேட்டு, டெஸ்ட் பட்டனை உங்க கண்ணு முன்னாடியே அமுக்கச் சொல்லுங்க. மேடைக்குக் கீத்து, ஓலை வேண்டவே வேண்டாம். 2004ல ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்துல கீத்துப் பந்தல் பத்திக்கிட்டு மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல போயிட்டாங்க.

ஸ்டெப் 4: போலீஸ் ஸ்டேஷன்ல மனு. தேதி, நேரம், எதிர்பார்க்குற கூட்டம் எல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதி ரசீது வாங்கிக்கோங்க. ராத்திரி 10க்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அரசாங்கம் சில நாளுக்கு மட்டும் 12 வரை தளர்த்தலாம், அதை முன்னாடியே கேட்டுக்கோங்க. கீழ கையெழுத்து போடுறவங்க புரிஞ்சுதான் போடணும், அஜாக்கிரதையால உயிர் போனா பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 106வது பிரிவுல 5 வருஷம் வரைக்கும் ஜெயில். பந்தல்காரர், சவுண்டு சர்வீஸ்காரர் வேலையை பேப்பர்ல எழுதி வாங்குங்க, ஆனா அதனால உங்க பொறுப்பு கழண்டு போயிடாது.

ஸ்டெப் 5: அன்னைக்கு ராத்திரி கச்சேரியை நிறுத்துற அதிகாரம் ஒரே ஆளுக்கு இருக்கட்டும், அவர் மிக்சர் பக்கத்துலயே நிக்கட்டும், தலைவரைக் கேட்டுட்டு வர்றேன்னு ஓடக் கூடாது. முன்னாடி நெரிசல்னு தெரிஞ்சா கை காட்டணும், உடனே பாட்டு நிக்கணும், மைக்ல நிதானமா "பின்னாடி இருக்கவங்க நாலடி பின்னாடி போங்க"ன்னு சொல்லணும். லைட்டை மட்டும் அணைச்சிடாதீங்க.