சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தங்கள்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்போது, பேசிய தொகையை விடக் குறைவாக இருப்பதைக் கண்டு பலரும் மனம் சோர்கிறார்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்ற பெயர்களில் பிடிக்கப்பட்ட அந்தப் பணம்தான் நாளை உங்கள் நோய்க்கும் முதுமைக்கும் கைகொடுக்கப் போவது. ஆகவே, அது சரியாகப் பிடிக்கப்படுகிறதா, சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா என்பதை ஒவ்வொரு மாதமும் நீங்களே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும்.

1. காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

பணி நியமன ஆணை, மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப்.பின் 12 இலக்க யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்), இ.எஸ்.ஐ.யின் 10 இலக்கக் காப்பீட்டு எண் ஆகிய நான்கையும் கேட்டுப் பெற்று, கைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு பி.எஃப்.பும், 10 பேருக்குக் குறையாத இடங்களுக்கு இ.எஸ்.ஐ.யும் பொருந்தும்.

2. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எளிமைக்காக, உங்கள் சம்பளம் முழுவதும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டுமே என்றும், அது 14,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு 12 சதவீதமான 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமான 105 ரூபாயும் போக 12,215 ரூபாய் கைக்கு வர வேண்டும். முதலாளியும் தம் பங்காக பி.எஃப்.புக்கு அதே 1,680 ரூபாயைக் கட்ட வேண்டும். அதில் 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 514 ரூபாய் உங்கள் சேமிப்புக்கும் போகும். இ.எஸ்.ஐ.யில் அவருடைய பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். முதலாளியின் பங்கையும் சேர்த்து உங்கள் கையிலிருந்தே பிடித்திருந்தால், அது முறையற்றது.

சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தை மிகக் குறைத்துக் காட்டி, மீதியைப் பல படிகளாகப் பிரித்துவிடுவார்கள், பி.எஃப். குறைவது அப்படித்தான். எல்லாப் பணியாளர்களுக்கும் ஒரே சீராகத் தரப்படும் படிகளும் பி.எஃப். கணக்கில் சேர வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை நினைவில் வையுங்கள்.

3. பாஸ்புக்கைத் திறந்து ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். என் முதல் வேலையில் பதினொரு மாதங்கள் பி.எஃப். பிடித்தார்கள், அதில் நான்கு மாதத்துப் பணம் கணக்கில் ஏறவே இல்லை என்பது, வேலையை விட்ட பிறகு பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். ஆகவே, மாதக் கடைசியில் அரசின் உமாங் செயலியிலோ பி.எஃப். உறுப்பினர் இணையதளத்திலோ நுழைந்து, பாஸ்புக்கில் உள்ள தொகையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்டிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் தெரிவியுங்கள். வாய்ப் பேச்சுக்குச் சான்று இருக்காது. பதில் வராவிட்டால், சம்பளச் சீட்டின் படத்தை இணைத்து பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதியலாம். தொழிலாளியிடம் பிடித்த தொகையைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகக் கருதப்படும்.

4. இ.எஸ்.ஐ.யை நோய் வரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

சம்பளம் போய்விடுமே என்ற அச்சத்தில் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களில் பலருடைய சீட்டிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். காப்பீடு தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும், உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி உண்டு. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகம் (மருத்துவர் இருக்கும் சிகிச்சை நிலையம்) எது என்று முதல் வாரத்திலேயே கேட்டு, குடும்பத்தார் பெயர்களைப் பதிவு செய்துவிடுங்கள்.

நோய்க்கால உதவித்தொகைக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாள்களுக்குக் குறையாமல் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அந்த உதவி கிடைக்கும்; அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. மருந்தக மருத்துவரின் சான்றிதழோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தால், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை வழங்கப்படும். பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்குத் தொகை கிடையாது.

5. கடையில் வேலை என்றால் இருக்கையைக் கேளுங்கள்

இது பிடித்தம் பற்றியது அல்ல என்றாலும், புதிதாகச் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும். நாள் முழுக்க நின்று கால் நரம்புகள் புடைத்துப் போன பெண்களுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு தேவையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருக்கை இல்லாவிட்டால், தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் முறையிடலாம்.

6. வேலை மாறும்போது

புதிய நிறுவனத்தில் பழைய யு.ஏ.என்.னையே கொடுங்கள். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்பதால், இடையில் பணத்தை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பழைய நிறுவனம், நீங்கள் வேலையை விட்ட தேதியை இணையதளத்தில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதங்கள் கழித்து அதை நீங்களே பதிந்துகொள்ளலாம்.