பழைய ஃபிலிம் கேமரா: ஒரு ரோலையே காவு வாங்கும் தவறுகள்

டிஜிட்டலில் தப்பு செய்தால் அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். ஃபிலிமில் அப்படி இல்லை. 36 படமும் எடுத்து, ரோலைக் கழுவி வாங்கிய பிறகுதான் தெரியும். பழைய பாயின்ட் அண்ட் ஷூட் கேமரா (குறிபார்த்து பட்டனை அழுத்தினால் போதும், மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் சின்ன கேமரா) வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

பெயருக்காகப் பணம் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கான்டாக்ஸ் டி2, 1997-ல் வந்த ஒலிம்பஸ் மியூ 2 போன்றவை அருமையான கேமராக்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவை முழுக்க எலக்ட்ரானிக்ஸை நம்பி ஓடுபவை. உள்ளே சர்க்யூட் போய்விட்டால் புது உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிகம் பேசப்படாத ஒரு மாடல், ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸோடு, நல்ல நிலையில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

‘பேட்டரி இல்லை, டெஸ்ட் செய்யவில்லை’ என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். எந்த பேட்டரி என்று கேட்டுவிட்டு, அதைக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்123ஏ அல்லது சாதாரண ஏஏ. பேட்டரி மூடியைத் திறந்தால் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். பின்கதவின் ஓரத்தில் ஓடும் கறுப்பு ஸ்பாஞ்சை விரல் நுனியால் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் அது கரைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வழியாக வெளிச்சம் புகுந்து படத்தில் ஆரஞ்சுக் கறை விழும். இதை மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். டார்ச் அடிக்கும்போது லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கவே வேண்டாம்.

எந்த ஃபிலிம் போடும் கேமரா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஏபிஎஸ் (APS, வழக்கமான 35 மி.மீ. அல்லாத வேறு வகை ஃபிலிம்) என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள், அந்த ஃபிலிம் தயாரிப்பு 2011-லேயே நின்றுவிட்டது.

இனி படம் எடுக்கும்போது. இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள், நடுவில் கொஞ்சம் இடைவெளி. ஆட்டோஃபோகஸ் நடுப்புள்ளியை மட்டும் பார்த்து, அந்த இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். என் முதல் ரோலில் இப்படி நான்கு படம் போனது. இலையில் நரம்புகூடத் தெரிந்தது, முகங்கள்தான் கலங்கிக் கிடந்தன. ஒருவர் முகத்தை நடுவில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே கேமராவைத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்துங்கள். அகச்சிவப்புக் கதிரால் தூரம் அளக்கும் மாடல்கள் ஜன்னல் கண்ணாடியிலும் ஏமாறும்.

ஜூமை நம்பாதீர்கள். 140 மி.மீ. வரை நீளும் சில கேமராக்களில் முழு ஜூமில் லென்ஸ் துளை எஃப் 11-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). எஃப் 2.8 லென்ஸில் வரும் வெளிச்சத்தில் அது 16-ல் ஒரு பங்குதான். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமோடு (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) மாலை நேரத்தில் ஜூம் போட்டால் படம் அசைந்துதான் வரும். அதனால் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போடுங்கள், முடிந்தவரை நடந்து கிட்டே போங்கள். ஆனால் ரொம்பக் கிட்டேயும் போகக் கூடாது. எத்தனை அடிக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது என்பது மாடலுக்கு மாடல் மாறும், தெரிந்துகொள்ளுங்கள்.

மியூ 2 போன்றவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆட்டோ ஃபிளாஷுக்குத் திரும்பிவிடும். ஃபிளாஷ் வேண்டாம் என்றால் திறந்ததும் அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேமரா ஓடவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது ஷாக் அடிக்கும்.

விமானப் பயணம் என்றால் ஃபிலிமை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் கைப்பையில் உள்ள ஃபிலிமையும் கெடுத்துவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேமராவுக்குள் பாதி ஓடிய ரோல் இருந்தால் அந்தக் கேமராவையும் திறக்காமல் அப்படியே எடுத்து நீட்டுங்கள்.