தொண்டு நிறுவனம் பத்திரம் வெளியிடுவது எப்படி? முதல் தடவை இறங்குவோருக்கு

வட்டி கிடையாது. அசலும் திரும்ப வராது. ஆனாலும் பெயர் பத்திரம்தான். இந்தியாவின் சமூகப் பங்குச் சந்தையில் (சமூகப் பணிக்கு நிதி திரட்டுவதற்கென்றே பங்குச் சந்தைக்குள் இருக்கும் தனிப் பிரிவு) தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் 'ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்' பத்திரத்தைப் பற்றி முதலில் கேள்விப்படும் எவரும் "அதற்கு நன்கொடை ரசீதே போதுமே" என்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நன்கொடையாளர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். பத்திரம் வாங்குபவர், இத்தனை பேருக்கு இன்ன மாற்றம் நடக்கும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பணம் போடுகிறார். அந்த வாக்குறுதிதான் இங்கே வட்டிக்குப் பதில். அதைச் சரியாக எழுதத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் காகித வேலை.

2019 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. 2022 ஜூலையில்தான் இந்தப் பத்திரம் சட்டப்படி 'செக்யூரிட்டி', அதாவது சந்தை வழியாக வெளியிடத்தக்க நிதிப் பத்திரம் ஆனது. 2023 இறுதியில் எஸ்ஜிபிஎஸ் உன்னதி ஃபவுண்டேஷன் 1.8 கோடி ரூபாய் திரட்டி முதலாவதாகப் பட்டியலேறியது. விதிகளை, பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி அடிக்கடி தளர்த்தி வருவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் கடைசிச் சுற்றறிக்கையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 1: தகுதி

நிறுவனம் தொடங்கி 3 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். முந்தைய நிதியாண்டில் குறைந்தது 50 லட்சம் செலவும், 10 லட்சம் வரவும் இருக்க வேண்டும். வருமான வரிப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அதோடு, கடந்த 3 ஆண்டுகளின் சராசரியில் வருவாய், செலவு, பயனாளிகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் 67 சதவீதமாவது, செபி பட்டியலிட்ட சமூகப் பணிகளில் நலிந்த பிரிவினருக்குப் போயிருக்க வேண்டும். செலவுக் கணக்கை வைத்துக் காட்டுவதுதான் எளிது, ஏனென்றால் அதற்கு ஆடிட்டர் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது.

கார்ப்பரேட் ஃபவுண்டேஷன்களும் மத, அரசியல் அமைப்புகளும் இதில் சேர முடியாது.

படி 2: சந்தைப் பதிவும் பெயரும்

அறக்கட்டளை ஆவணத்தில் ஒரு பெயர், பான் கார்டில் அதே பெயர் சுருக்கமாக, வங்கிக் கணக்கில் முன்னால் 'தி' சேர்த்து இன்னொன்று. இப்படி இருந்தால் ஒவ்வொரு மேஜையிலும் கோப்பு திரும்பி வரும். முதல் வேலையாக மூன்றையும் ஒன்றாக்குங்கள். பத்திரம் வெளியிட்டு நிதி திரட்ட அறங்காவலர்களுக்கு அதிகாரம் தரும் வாசகம் ஆவணத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். பிறகு என்எஸ்இ அல்லது பிஎஸ்இ சமூகப் பங்குச் சந்தையில் பதிவு. பதிவு செய்தாலே பணம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவு என்பது வாசற்படி மட்டுமே.

படி 3: விளைவுக் கணக்கு

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். 600 பெண்களுக்குத் தொழிற்பயிற்சி, மொத்தச் செலவு 60 லட்சம். "ஒருவருக்கு 10,000 ரூபாய்" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 600 பேர் சேர்ந்தால் 480 பேர்தான் முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒருவருக்கு 12,500. முடித்தவர்களில் 360 பேர் ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருந்தால், ஒருவருக்கு 16,667.

முதலீட்டாளருக்குத் தரும் வெளியீட்டு ஆவணத்தில் போட வேண்டியது அந்தக் கடைசி எண். அது பெரிதாகத் தெரிகிறதே என்று கூசி 10,000 என்று எழுதினால், முதல் ஆண்டறிக்கையில் "மீதி 240 பேர் எங்கே?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. இடைநிற்றலை முன்கூட்டியே சொன்ன நிறுவனத்தை முதலீட்டாளர் நம்புவார்.

இதிலேயே இன்னொரு பொறி உண்டு. பயிற்சி 12 மாதம், அதன்பின் 6 மாதக் கண்காணிப்பு என்றால் பத்திரத்தின் காலம் 18 மாதமாவது இருக்க வேண்டும். 12 மாதம் என்று போட்டுவிட்டால் விளைவு தெரியுமுன்னே பத்திரம் முடிந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து அழைக்கும்போது பாதி எண்கள் உபயோகத்தில் இருக்காது. சேர்க்கும் அன்றே ஆளுக்கு இரண்டு எண் வாங்குங்கள். ஒன்று அவருடையது, மற்றொன்று வீடு மாறாத உறவினருடையது. விவரம் சேகரிக்க என் தேர்வு கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும், கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். எக்செல் தாளில் கையால் ஏற்றுவது 50 பேருக்குச் சரி, 600 பேருக்கு வேண்டவே வேண்டாம்.

விளைவைச் சரிபார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரம் வாங்கியோர் பதிவேட்டைக் கவனிக்கும் ரிஜிஸ்ட்ரார் கட்டணம், கண்காணிப்பு ஊழியர் சம்பளம் மூன்றையும் அந்த 60 லட்சத்துக்குள்ளேயே அடக்குங்கள்.

படி 4: எவ்வளவு கேட்பது?

வெளியீட்டின் குறைந்தபட்ச அளவு 50 லட்சம். முன்பு 1 கோடியாக இருந்தது. ஒருவர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2 லட்சத்தில் தொடங்கி, 10,000 ஆகி, 2025 மார்ச்சில் 1,000 ரூபாய்க்கு வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது 75 சதவீத விதி. 60 லட்சம் கேட்டால் 45 லட்சமாவது சேர வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். 75-க்கும் 100-க்கும் இடையில் நின்றால் மீதியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று ஆவணத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "இலக்கை விகிதப்படி குறைப்போம்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள், அது தப்புக் கணக்கு. மேலே சொன்ன 60 லட்சத்தில் வாடகை, பயிற்றுநர் சம்பளம் என்று 24 லட்சம் நிலையான செலவு என்று கொள்வோம். மீதி 36 லட்சம், ஆளுக்கு 6,000. இப்போது 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் வந்தது. நிலையான செலவு போக 24 லட்சம் மிச்சம். அதில் 400 பேரைத்தான் சேர்க்கலாம், விகிதப்படி வரும் 480 பேரை முடியாது. சேர்வோரில் அதே 60 சதவீதக் கணக்கில் வேலையில் நிலைப்போர் 240 பேர், ஆளுக்குச் செலவு 20,000. இந்த எண்களையும் ஆவணத்தில் அப்படியே போடுங்கள்.

என் அழுத்தமான கருத்து: 60 சதவீதத் தொகைக்காவது பெரிய முதலீட்டாளர்களிடம் எழுத்துப்பூர்வ உறுதி வாங்காமல் வெளியீட்டைத் திறக்காதீர்கள். சிறு தொகைகள் மனதுக்கு நிறைவு தரும், ஆனால் 1,000 ரூபாயாகச் சேர்த்து 45 லட்சத்தைத் தொட 4,500 பேர் வேண்டும்.

படி 5: டீமேட்

இந்தப் பத்திரம் டீமேட் கணக்கில் (பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) மட்டும்தான் வரும். ரிஜிஸ்ட்ராரை நியமித்து, டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியில் ஐஎஸ்ஐஎன் எண் (பத்திரத்தின் அடையாள எண்) வாங்குவது உங்கள் பக்க வேலை. சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. வருடம் தவறாமல் செக் அனுப்பும் உங்கள் பழைய நன்கொடையாளர்கள் பலருக்கு டீமேட் கணக்கே இருக்காது, பான் ஆதாரோடு இணைந்திருக்காது. வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே அவர்களிடம் பேசத் தொடங்குங்கள். இதைச் சந்தையில் விற்க முடியாது, வாரிசுக்கு மட்டுமே மாறும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். பின்னால் தெரிந்தால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

படி 6: வரைவு ஆவணம்

பொது வெளியீடு என்றால் வரைவைச் சந்தையிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். சந்தையின் கேள்விகள் வந்ததும் திருத்தி, இறுதி ஆவணத்தோடு வெளியீட்டைத் திறக்கலாம். கேள்விகள் பெரும்பாலும் படி 3-இன் எண்களைச் சுற்றியே வரும் என்று எதிர்பாருங்கள்.

பிறகு சேர்த்தது: "வட்டி தருகிறோம் என்று சொல்லலாமா?"

கூடாது. இந்தப் பத்திரத்தில் எந்த வடிவிலும் பணப் பலன் கிடையாது. துண்டறிக்கையில் 'வருமானம்', 'லாபம்' என்ற சொற்கள் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் நீக்குங்கள். 'சமூக லாபம்' என்று எழுதினாலும் சிலர் 'லாபம்' என்பதை மட்டும்தான் படிப்பார்கள்.

படி 7: பணம் வந்த பின்

தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். டேலி கணக்கு மென்பொருளில் இந்தத் திட்டத்துக்கென ஒரு காஸ்ட் சென்டர், அதாவது தனிச் செலவுத் தலைப்பு போட்டு, முதல் வவுச்சரிலிருந்தே அதில் பதியுங்கள். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பொதுக் கணக்கில் ஏற்றினால், ஒரே பயிற்றுநரின் சம்பளம் இரண்டு திட்டங்களில் எப்படிப் பங்கிடப்பட்டது என்று காட்டப் பழைய வருகைப் பதிவேடுகளைத் தேட வேண்டியிருக்கும். ஆண்டுக்கொருமுறை சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் சரிபார்த்த விளைவு அறிக்கை உண்டு. நிதிப் பயன்பாட்டு அறிக்கையோ ஒவ்வொரு காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் போக வேண்டும். ஜூன் 30-இல் முடியும் காலாண்டுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 14. கையெழுத்திட வேண்டிய அறங்காவலர் அந்த வாரம் ஊரில் இருப்பாரா என்று ஜூலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.