செஸ் லீக் ஆட்டத்தை நாமே அலசும் முறை

ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம் முடிந்து, பாலக்காட்டில் பொள்ளாச்சி பஸ் ஏறியதும் பலர் செய்கிற முதல் வேலை, போனில் நகர்வுகளைத் தட்டி எஞ்சினை, அதாவது நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் நிரலை, ஓட்டுவதுதான். எந்த நகர்வு தப்பு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தத் தப்பை ஏன் செய்தோம் என்பது தெரியாமலே போய்விடும். அலசலில் தேட வேண்டியது அதைத்தான். உங்கள் தலையில் அப்போது என்ன ஓடியது என்று சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. உங்களுக்கும் அது ஓரிரு நாளைக்குத்தான் நினைவிருக்கும்.

வேலை ஆட்டத்தின்போதே தொடங்குகிறது. ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மீதமிருக்கும் நிமிடத்தை, நகர்வுகளைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டில் எழுதுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இதை அனுமதிக்கிறது. டிரா கேட்டால் சமக்குறி (=) போடச் சொல்கிறது. யோசனை, திட்டம் எதையும் அதில் எழுதக் கூடாது. 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ஆடினால் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். கூடுதல் நேரம் இல்லாத லீக்கில் 5 நிமிடத்துக்குக் கீழே போனதும் எழுதாமல் விடலாம். ஆட்டம் கைமாறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். எனவே கை குலுக்கியதும் எதிராளியோடு உட்கார்ந்து விட்டுப்போன நகர்வுகளைப் பிடித்துவிடுங்கள். மறுநாள் அது முடியாது.

எதிராளியோடு பேசும் கால் மணி நேரம் விலைமதிக்க முடியாதது. எங்கே எதைப் பார்த்துப் பயந்தார், உங்கள் எந்த நகர்வை எதிர்பார்க்கவில்லை, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். யார் ஜெயித்திருக்க வேண்டும் என்ற வாதம் வேண்டாம். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக்காரரோடு பேசும்போது காயின் பெயரைவிடக் கட்டத்தின் பெயரைச் சொல்வது நல்லது. மலையாளத்தில் ‘ஆன’ என்றால் பிஷப். நம் யானை (ரூக்) அவர்களுக்குத் ‘தேர்’. ‘சி4-இல் இருந்ததை எஃப்7-இல் வெட்டியிருந்தால்’ என்று சொன்னால் இருவருக்கும் ஒரே காய்தான் தெரியும்.

அன்று இரவே நகர்வுகளை லிச்செஸ் என்ற செஸ் தளத்தின் ஸ்டடி பகுதியில் ஏற்றுங்கள். இலவசம்தான். எஞ்சின் பொத்தானை அணைத்து வைத்திருங்கள். ஒரு நகர்வை ஆப் ஏற்க மறுத்தால் தப்பு அந்த இடத்தில் இருக்காது. அநேகமாக இரண்டு மூன்று நகர்வுக்கு முன்னால் இருக்கும். இரண்டு குதிரையும் டி2-க்கு வரக்கூடிய நிலையில் எது வந்தது என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஒரு ஜோடி நகர்வையே தாண்டியிருப்பீர்கள். ஏற்றியதும், ஆட்டத்தில் உண்மையில் நினைத்ததை நகர்வுக்குக் கீழே எழுதுங்கள். ‘இங்கே ராணியை வெட்டுவான் என்று நினைத்தேன், குதிரை வருவதைப் பார்க்கவேயில்லை’ என்பது போதும். இப்போது தோன்றுகிற நல்ல யோசனையை அப்போதே நினைத்ததுபோல எழுதிவிடாதீர்கள்.

மறுநாள் மரப்பலகையில் காய்களை அடுக்குங்கள். நாற்பது நகர்வையும் சமமாகப் பார்ப்பது நேர விரயம். மூன்று நான்கு இடம் போதும். அவற்றைக் காட்டிக்கொடுப்பது நீங்கள் எழுதிய நேரம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் போன நகர்வு ஒன்று. முக்கியமான இடத்தில் அரை நிமிடத்தில் ஆடிய நகர்வு இன்னொன்று. இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அங்கே கேள்வி இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுவில் சிப்பாய் மோதிய இடம், டிரா கேட்ட இடம், ராஜாவும் சிப்பாயும் தவிர மிஞ்சிய கடைசிக் காய்கள் வெட்டிக்கொள்ளப்பட்ட இடம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதைத் தவறவே விடாதீர்கள். உலகச் சாம்பியனுக்கும் அங்கே சறுக்கும். 2024-இல் சிங்கப்பூரில் நடந்த பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், டிராவாகப் போயிருக்கக்கூடிய நிலையில், வெள்ளைக் காய்களோடு ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டார்; பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து அதையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சிய ராஜா-சிப்பாய் நிலை வெள்ளைக்குத் தோல்வி. கிளப் ஆட்டத்தில் இது இன்னும் எளிய உருவில் வரும். வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. கறுப்பு ஆட வேண்டியிருந்தால் வெள்ளை ஜெயிக்கும். வெள்ளை ஆட வேண்டியிருந்தால் டிரா. யானைகளை வெட்டுவதற்கு முன் யார் முறை என்று எண்ணினீர்களா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் லிச்செஸின் டேபிள்பேஸ் (முடிவு முழுதாகக் கணக்கிடப்பட்ட நிலைகளின் தொகுப்பு) உறுதியான விடை தரும். ஆனால் முதலில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் 15 முதல் 20 நிமிடம், காயைத் தொடாமல் யோசியுங்கள். ஆடியிருக்கக்கூடிய இரண்டு மூன்று நகர்வுகளையும் ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் வலுவான பதிலையும் எழுதுங்கள். பிறகுதான் காயை நகர்த்திச் சரிபார்க்க வேண்டும். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற காலத்தில் குகேஷ் பல ஆண்டுகள் எஞ்சினைத் தொடாமலே வளர்ந்தார். சொந்தக் கணிப்பு முற்றாதவருக்கு, யோசனையின் இடத்தில் எஞ்சின் உட்கார்ந்துவிடும்.

ஓப்பனிங்குக்கு, அதாவது தொடக்க நகர்வுகளுக்கு, பத்து நிமிடம் தாராளம். எந்த நகர்வில் தெரிந்த பாதையை விட்டீர்கள் என்று லிச்செஸின் எக்ஸ்ப்ளோரரில் (பிறர் ஆடிய ஓப்பனிங் நகர்வுகளின் தொகுப்பில்) பாருங்கள், ஒரே ஒரு திருத்தத்தை எழுதுங்கள். உதாரணமாக, இரண்டு குதிரைத் தற்காப்பு என்ற ஓப்பனிங்கில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வர, டி5-இல் சிப்பாய் மோதி, வெட்டுப்பட்ட பிறகு கறுப்பாக ஆடிய நீங்கள் குதிரையால் டி5-இல் திருப்பி வெட்டியிருந்தால், அடுத்த முறை ஏ5-க்குக் குதிரை என்று எழுதினால் போதும்.

இனி எஞ்சின். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை மூன்று நகர்வு வரிசை காட்டும்படி வைத்து, நீங்கள் குறித்த இடங்களில் மட்டும் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். யார் எவ்வளவு மேலே என்று அது காட்டும் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். இப்போதைய ஸ்டாக்ஃபிஷில் +1.0 என்றால், எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் வெள்ளை ஏறக்குறைய பாதி ஆட்டத்தில் ஜெயிக்கும் நிலை. 1500 ரேட்டிங் (திறன் மதிப்பு) கொண்ட ஆட்டக்காரர்களுக்கு +0.6-க்கும் +0.3-க்கும் இடையில் பேச ஒன்றுமில்லை. ஜெயிப்பு டிராவாகவோ டிரா தோல்வியாகவோ மாறிய இடத்தில்தான் நிற்க வேண்டும். எஞ்சின் சொன்ன நகர்வைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கமான பிழை. நீங்கள் ஆட நினைத்த நகர்வை அங்கே போடுங்கள், எதிராளியின் பதிலை எஞ்சினிடம் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் அடுத்ததைப் போடுங்கள். நான்கைந்து நகர்வில் காரணம் பலகையில் தெரிந்துவிடும். எஞ்சினின் பாதையில் ஒன்பது நகர்வு தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் சரியான நகர்வு ஒன்றே ஒன்றுதான் என்கிற மாதிரி இருந்தால், நீங்கள் அதை ஆடாதது தப்பே இல்லை, அதையும் எழுதிவையுங்கள். ஆப் தருகிற துல்லிய சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை. எதிராளி சீக்கிரம் சரிந்தால் அது தானாக ஏறும்.

ஒவ்வொரு தப்புக்கும் நோட்டில் ஒரு காரணம், ஒரே வரியில் எழுதுங்கள்: எதிராளியின் நகர்வைப் பார்க்கவில்லை, பார்த்தும் குறைத்து மதிப்பிட்டேன், கணக்கை ஒரு நகர்வு முன்னால் நிறுத்தினேன், கடைசிக் கட்டமான எண்ட்கேம் தெரியவில்லை, நேரம் இல்லை. ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள், அதற்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பத்து ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். முதல் காரணம் கூடுதலாக இருந்தால் தினமும் அரை மணி நேரம் புதிர், அதுவும் எதிராளியின் மிரட்டலைத் தேடுகிற புதிர். நேரம்தான் காரணம் என்றால் புதிர் உதவாது. முதல் 15 நகர்வில் எத்தனை நிமிடம் செலவாகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு வரம்பு வையுங்கள்.

அணியாக ஆடும் லீக்குக்கே உரிய ஒன்று பாக்கி இருக்கிறது. டிரா ஏற்ற இடத்திலும் துணிந்து காயைப் பலி கொடுத்த இடத்திலும், அப்போது அணியின் ஸ்கோர் என்ன என்று எழுதுங்கள். டிரா கேள், ஏற்றுக்கொள் என்று கேப்டன் சொல்லலாம். நிலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. மூன்றாம் போர்டில் ஆடிய நம் ஆள் தோற்றுவிட்டார் என்று தெரிந்து நீங்கள் அவசரப்பட்டிருந்தால், அந்த நகர்வைக் கணிப்புப் பிழைகளோடு சேர்க்காதீர்கள். தனிப் பக்கத்தில் எழுதி, அடுத்த சுற்றுக்கு முன் கேப்டனிடம் காட்டுங்கள்.