நார்ஸ் மொழிக்குக் கேலிக் சாயல் ஏற்றுவது எப்படி?

நார்ஸ் வைக்கிங்குகளின் பழைய ஸ்காண்டிநேவிய மொழி; கேலிக் (Gaelic) ஸ்காட்லாந்தின் மொழி. இரண்டையும் கலந்து ஒரு கற்பனை மொழி செய்ய முதலில் ஒரு பின்கதை வேண்டும். என்னுடையது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகள். 1266-இல் நார்வே அவற்றை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. என் கற்பனையில் நார்ஸ் அங்கே அதன் பிறகும் சாகவில்லை.

சொற்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் வரிசையை மாற்றுங்கள். கேலிக்கில் வினைதான் முதலில்: 'பார்த்தான் மனிதன் படகை'.

அப்புறம்தான் ருசியான இடம், முதலெழுத்து மென்மையாவது. கேலிக்கில் படகு 'பாட்டா'; 'என் படகு' என்றால் 'மோ வாட்டா'. பழைய நார்ஸில் படகு 'பாட்ர்', 'என்' பெரும்பாலும் பின்னால் வரும். அதை முன்னுக்கு இழுத்து 'மின் வாட்ர்' என்று வைத்தேன். ப, ம இரண்டையும் 'வ' ஆக்கும் இந்த விதி போதும். எல்லா எழுத்தையும் மாற்றினால் சொல்லே அடையாளம் தெரியாது.

குதிரை 'ஹெஸ்ட்ர்', குறிப்பிட்ட குதிரை 'ஹெஸ்ட்ரின்'. இந்த '-இன்' வால் நார்ஸின் சொத்து, கை வைக்காதீர்கள்.

ஆங்கில 'have' போன்ற உடைமை வினையை நீக்கிவிடுங்கள். கேலிக்காரர்களும் நம்மைப் போல 'என்னிடம் இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள்.