கணவர் மறைந்தபின் கருவிலுள்ள பிள்ளையின் பங்கைக் காப்பது எப்படி?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் 300,000 ரிங்கிட் பெறுமானமுள்ள வீட்டை விட்டு, உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோகிறார். மனைவி கருவுற்றிருக்கிறார், இறந்தவரின் தாயும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையில்லாதவர் என்று கணக்கிட்டால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கும் தாய்க்கும் ஆளுக்கு 150,000 ரிங்கிட் சேரும். ஆனால் தந்தை இறக்கும்போது கருவிலிருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் பிள்ளையையும் அச்சட்டம் வாரிசாகவே கொள்கிறது. அப்போது பிள்ளைக்கு 150,000, மற்ற இருவருக்கும் தலா 75,000. மனக்கசப்பு தொடங்குவது இங்கேதான். (இது முஸ்லிம் அல்லாதோருக்கான கணக்கு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு உரிய ஃபராயிட் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறையிலும் கருவிலுள்ள பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கப்படுகிறது.)

ஆகவே, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு யாரேனும் காகிதத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். பிரசவம்வரை பங்கு பிரிக்கவும் ஒப்பாதீர்கள். சொத்துப் பங்கீட்டுக்கு விண்ணப்பிப்பது நில அலுவலகத்திலானாலும் உயர் நீதிமன்றத்திலானாலும், கருவுற்றிருப்பதை விண்ணப்பத்திலேயே தெரிவித்து, பிரசவத் தேதி குறிக்கப்பட்ட கிளினிக் புத்தகத்தின் நகலையும் திருமணச் சான்றிதழையும் இணையுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாதவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கணவர் இறந்த 280 நாள்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் பிறக்கும் பிள்ளையை அவருடைய பிள்ளையாகவே 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏற்பதால், வீண் பேச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இதனால் கரு சட்டத்தின் முன் முழு மனிதராகிவிடுவதில்லை. பிள்ளை இறந்து பிறந்தால் பங்கும் இல்லை. தண்டனைச் சட்டம் கருச்சிதைவைக் கொலையாக அன்றித் தனிக் குற்றமாகவே வைக்கிறது. தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்திற்கோ கர்ப்பத்தைத் தொடர்வதே பெரிய ஆபத்தென்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால், 312ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. அறநோக்கில் கருவின் நிலை என்ன என்ற வாதம் எளிதில் தீராது. பங்கைக் காப்பதற்கு அது தீரவும் வேண்டியதில்லை. ஆனால் ஏழாம் மாதம் வளைகாப்பிட்டு, வளையோசை பிள்ளையின் காதில் விழட்டும் என்று மகிழும் குடும்பமே, சொத்தென்று வந்ததும் "இன்னும் பிறக்கவே இல்லையே" என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிறந்ததும் 60 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிந்து, பிறப்புச் சான்றிதழை வழக்குக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் உயர் நீதிமன்றம் பொதுவாகச் சொத்தை நிர்வகிக்க இரண்டு நிர்வாகிகளையோ அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனத்தையோ நியமிக்கும். பிள்ளைக்கு 18 வயதாகும்வரை அதன் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்கக்கூடியவரையே இரண்டாம் நிர்வாகியாக முன்மொழியுங்கள்.